ஃப்ரேமிலிருந்து வந்த 'வருகிறேன்'

வியாழன் இரவு, கரமனை.

எங்கள் ரத்ததான இணையப் பக்கத்துக்குள் ஒரு வரைபட ஃப்ரேம் இருக்கிறது, வேறொரு தளத்திலிருந்து வந்து பக்கத்துக்குள் தெரியும் பெட்டி. கொடையாளர் அதில் 'வருகிறேன்' என்று அழுத்தினாலும் பக்கத்துக்குச் செய்தி வரவில்லை. இன்று நானும் உடன் வேலை செய்யும் ஷீபாவும் காரணத்தைக் கண்டுபிடித்தோம். ஃப்ரேம் புது இணைய முகவரிக்கு மாறியிருந்தது. பக்கம் பழைய முகவரியின் செய்தியை மட்டுமே ஏற்றது. திருத்தினேன். நேற்று யாராவது அழுத்தியிருந்தால்... நினைக்கவே வேண்டாம்.

உடனே ஒரு செய்தி வந்தது.

"சோதிச்சுப் பாத்தியா?" என்றேன் ஷீபாவிடம்.

"நான் தொடவே இல்லை சேச்சி. இது நிஜ ஆளாக்கும், கேட்டோ."

அழுத்தியவர் ஸ்ரீவராகத்துக்காரர். பிரசவத்துக்கு வந்து ஓ நெகட்டிவ் ரத்தத்துக்குக் காத்திருந்த ஒரு பெண்ணுக்காகக் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் அவள் கணவர் போன் செய்தார். "ரெண்டு பேரும் சுகமா இருக்காங்க. பெண் குழந்தை." ஷீபா அழுதுவிட்டாள். அவர் போனைக் குழந்தையருகே பிடித்தார். நல்ல உரத்த குரல் அதற்கு.