மலிவு பிராசஸரும் என் கையெழுத்தும்

12 மே 2004, புதன்

குறித்த அளவுக்கு மேல் சூடாகும் பாகங்களை நிராகரித்துக் கையெழுத்துப் போடுவதுதான் ஆபீஸில் என் வேலை. இன்று கடையில் இருப்பதிலேயே மலிவான பிராசஸரைக் கேட்டு வாங்கினேன், அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்காகவே.

"பிராசஸர் சஸ்தா லேலோ சாப், மதர்போர்டு சஸ்தா நக்கோ" என்றார் கடைக்காரர்; பிராசஸர் மலிவாக வாங்கலாம், மதர்போர்டு மலிவாக வேண்டாமாம். வேகத்தை ஏற்றவிடுவது போர்டுதானே. அதை மட்டும் நல்லதாக எடுத்தேன்.

வீட்டில் பொருத்தி, வேகத்தைப் படிப்படியாக ஏற்றினேன். அழகாக ஓடியது. சூடும் ஏறியது. மனைவி ஜெயா திரையை எட்டிப் பார்த்தாள்.

"இது உங்க ஆபீஸ் டேபிளுக்கு வந்தா பாஸ் பண்ணுவீங்களா?"

டேபிள் ஃபேனைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்தேன். ஃபேன் இன்னும் அதற்குத்தான் ஓடுகிறது. என் வியர்வை சொட்டி இந்த டைரிப் பக்கத்தில் மை கலைகிறது. வேகத்தை மட்டும் குறைக்கவில்லை.