மூன்றாம் கணினியின் பச்சைப் பொத்தான்

மே 20, செவ்வாய்

கடையைத் திறந்ததும் முதல் வேலை: மூன்றாம் கணினித் திரையில் பல்லி எச்சம். ஈரத்துணியால் துடைத்தேன். வானம் மூட்டம். மழை இல்லை, புழுக்கம் மட்டும். ஜெராக்ஸ் தாள் தீர்ந்துவிட்டது, கொழுந்தன் சரவணனிடம் சொல்ல வேண்டும்.

பத்து மணிக்கு ஆவூர் லூர்துமேரி. நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. போன சனிக்கிழமை அவள் மகள் ஜெனிக்கு அரசுக் கல்லூரி விண்ணப்பம் போட்டுக்கொடுத்திருந்தேன்.

"என்னக்கா பண்ணி விட்டீங்க? குவைத்துல அவுகளுக்குப் போன் மேல போன். ஒங்க மகளுக்கு எங்க காலேசுல சீட்டு உறுதின்னு யாரு யாரோ பேசுறாங்களாம். என்னயக் கேக்காம எங்கிட்டுக் கொண்டுபோயி சேத்தன்னு கத்துறாக. படிச்சது போதும், வீட்டுல இருக்கட்டும்ங்கிறாக."

சனிக்கிழமை மூன்றாம் கணினியில் திறந்த பக்கங்களைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நான் நிரப்பியது அரசுப் பக்கமே இல்லை. தேடலில் முதலில் நின்ற ஒரு தனியார் கல்லூரி விளம்பரம். அதே நீலம், அதே எழுத்து, 'விண்ணப்பிக்க' என்று ஒரு பச்சைப் பொத்தான். அமுக்கியது என் விரல். ஓ.டி.பி.யை அவள் கணவர் அருள்சாமி குவைத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். அதைத் தட்டியதும் நான்தான்.

ஆக, உண்மையான விண்ணப்பம் இன்னும் போகவே இல்லை. வெள்ளி கடைசி நாள்.

உன் நம்பரையே போடலாமே என்றேன். "எனக்கு எதுக்குக்கா? ரேசன், கேஸு, பேங்கு எல்லாத்துக்கும் அவுக நம்பர்தான். இப்ப மாத்திப் போட்டா மறச்சுப் போட்டேன்னு ஆயிரும்."

இங்கே வரும் பெண்கள் பாதிப் பேருக்கு இதே கதை. படிவம் இங்கே கீரனூர்க் கடையில், எண் வளைகுடாவில். யாரைச் சொல்ல? என் ஆதாரில் இருப்பதும் என் கணவர் எண்தான்.

மே 21, புதன்

வெயில். காலையிலேயே நான்கு கணினியிலும் எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டிச் செயலிகள், போட்டேன்:

1. விளம்பரம் தடுப்பது.
2. 'அறிவிப்பு அனுப்பலாமா' என்று குறுக்கே வந்து விழுவதை மூடுவது.
3. பக்கத்தை வெறும் எழுத்தாக்கிப் பெரிதாகக் காட்டுவது. கண்ணாடி மறந்து வருகிறவர்களுக்கு.

மூன்றும் இலவசம். பத்து நிமிட வேலை. மதிப்பெண் பார்க்கும் பக்கத்தில் 'டவுன்லோடு' என்று நான்கு பொத்தான் இருக்கும். இப்போது ஒன்றே ஒன்று. அப்படியானால் மற்ற மூன்றும் என்ன? இத்தனை வருடம் ஜனங்களை எதற்குள் இறக்கிவிட்டேன்?

அப்போதுதான் கண்ணில் பட்டது. பட்டியலில் நான் போடாத ஒன்று. கல்லூரி வழிகாட்டி என்று பெயர். நான்கிலும் இருக்கிறது. அது இருந்தால் எந்தக் கல்லூரியைத் தேடினாலும் அந்தத் தனியார் கல்லூரியின் பக்கம் முதலில் வருகிறது. அணைத்தால் காணாமல் போகிறது. மூன்று முறை செய்து பார்த்தேன்.

சரவணனைக் கேட்டேன்.

"அத மட்டும் தொடாதீங்க மதினி. காலேசு ஏஜென்ட் வச்சிட்டுப் போனது. வாசல் போர்டு, நாற்காலி எல்லாம் அவரு குடுத்ததுதான?"

"எங்கிட்ட ஏன் தம்பி சொல்லல?"

"சொன்னா ஒத்துக்குவீங்களா?" சிரிப்பு வேறு. "பி.எஸ்சி. மேத்ஸ் படிச்ச ஒங்களாலயே கண்டுபிடிக்க முடியலன்னா ஆளு சோக்காத்தான் செஞ்சிருக்கான்."

கணவரின் தம்பியாக இருக்கட்டும், கடை அவனுடையதாகவே இருக்கட்டும். ஓ.டி.பி. கேட்ட குரல் என்னுடையது அல்லவா? என்னை நம்பித்தானே அருள்சாமி எண்ணைச் சொன்னார்?

மே 22, வியாழன்

எனக்கு முன்பே கடையில் சரவணன். நான் போட்ட மூன்றும் இல்லை. அவனுடையது மட்டும் இருக்கிறது.

"பஸ் டிக்கெட் பக்கம் ஓடல மதினி. அதான் தூக்கிட்டேன்."

கொஞ்சம் உண்மைதான். சில பக்கங்கள் தடுப்பு இருந்தால் அடம்பிடிக்கும். அந்தப் பக்கத்துக்கு மட்டும் அணைத்தால் போதும், ஒரே சொடுக்கு. நேற்றே அவனுக்குச் செய்து காட்டினேன். மறக்கிற ஆள் இல்லை அவன்.

மதியம் லூர்துமேரி, ஜெனியோடு. குவைத்துக்கு அழைத்து என்னிடம் போனைக் கொடுத்தாள்.

"அண்ணே, தப்பு என்னுதுதான். கவனிக்காம அமுக்கிட்டேன். இன்னும் ஒரே ஒரு தடவ நம்பர் சொல்லுங்க."

"படிச்சவுக தங்கச்சி நீங்க. எது கவர்மெண்டு, எது களவாணின்னு ஒங்களுக்கே தெரியலன்னா, நான் இங்க கெடந்து என்னத்த நம்பிச் சொல்றது?"

நியாயமான கேள்வி. பதில் என் வாயில் இருந்தது. இரண்டடி தள்ளி சரவணன் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான். அவன் காதில் விழும் என்று சொல்லாமல் விட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். குடும்ப மானமாம். நான் சொன்னது பாதிப் பொய். அதை வைத்து அவரை நம்பச் சொன்னால் எப்படி நம்புவார்?

போகும்போது ஜெனி, அழாமல்: "நாளைக்கு எத்தன மணி வரைக்கும் ஆன்ட்டி போடலாம்?"

"அஞ்சு மணி."

தலையாட்டினாள். கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கிய பெண். சான்றிதழ்கள் வைத்த பிளாஸ்டிக் ஃபைலை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். "கடைன்னா நாலும் இருக்கும். தம்பிகிட்ட எதுக்கு வம்பு? அந்தப் புள்ள அடுத்த வருசம் சேந்துக்கட்டும்." தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணப் பேச்சு வந்துவிடும் என்று இவருக்குத் தெரியாதா?

நாளை நான் கடை திறக்கப்போவதில்லை. என் மடிக்கணினியோடு முதல் பஸ்ஸில் ஆவூர். குவைத்தில் அருள்சாமிக்கு வெள்ளியும் வேலை, அவர் கிளம்புமுன் பேசிவிட வேண்டும். கை தவறி நடந்ததல்ல, எங்கள் கடையில் தெரிந்தே வைத்தது, வைத்தவன் என் கொழுந்தன் என்று பெயரோடு சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகுதான் ஓ.டி.பி. எண்ணைக் கேட்பேன். நான் போகப்போவது யாருக்கும் தெரியாது, லூர்துமேரிக்குக்கூட.