மேற்குப் பக்கத்துக் கண்ணாடி

ஏப்ரல் 3, வியாழன்

காலையிலேயே வெயில். எட்டு மணிக்குள் ஹெல்மெட்டுக்குள் தலை நனைந்துவிட்டது. திருப்பரங்குன்றம் தாண்டி சைட்டுக்குத் திரும்பும் மண் பாதையில் ஒரே புழுதி.

இன்றைய வேலை:
– வடக்குக் கட்டடம், மின்விசிறி எல்லாம் ஓட்டிப் பார்த்தல். முடிந்தது.
– மழைநீர்க் குளத்துக் கரை. பாதி.
– மொட்டை மாடி சோலார். நாளை.
– மேற்குப் பக்கத்துக் கண்ணாடி, இரண்டாவது லோடு. இறக்கியாயிற்று.

மதியச் சாப்பாடு வடக்குக் கட்டடத்தில், ஜெனிபரோடு. தரம் பார்க்கும் இன்ஜினியர் அந்தப் பெண். ஏசி போடவில்லை, விசிறி மட்டும். இரட்டைச் சுவர், ஆழமான சன்னல், எதிரே நாங்கள் வெட்டாமல் விட்ட வேப்பமரங்கள். "சார், எங்க வீட்ட விட இங்க குளுகுளுன்னு இருக்கு. பேசாம இங்கயே குடி வந்துரலாம்" என்றாள். ரசம் ஊற்றிக்கொண்டே சிரித்தேன். உள்ளுக்குள் பெருமை.

திறப்பு ஜூன் நடுவில். நாங்கள் ஆபீஸ் கட்டிக்கொடுக்கும் இந்தக் கம்பெனியில்தான் கவிதாவுக்கு வேலை, சென்னையில். இங்கே மாற்றலாகி வருபவர்களின் முதல் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. மூன்று வருடம். நான் இங்கே, அவளும் மகள் கயலும் அங்கே. மாதத்தில் இரண்டு ஞாயிறு. இங்கே என் கே.கே. நகர் வீட்டுக்குப் பின் தெருவிலேயே பள்ளிக்கூடம், கயலுக்கு ஒன்றாம் வகுப்புக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. இன்னும் பத்து வாரம்.

ஏப்ரல் 4, வெள்ளி

மனசு சரியில்லை.

மாலை நாலு மணிக்கு மேற்குக் கட்டடம், இரண்டாம் மாடி. முதல் லோடுக் கண்ணாடி போன வாரமே மாட்டியது அங்கேதான். நான் ஊரில் இல்லாத இரண்டு நாளில். உள்ளே போனதும் முகத்தில் அனல். இரட்டைக் கண்ணாடிக்குள் வெப்பம் தடுக்கும் பூச்சு இருந்தால் இப்படி அடிக்காது.

கொத்தனாரிடம் லைட்டர் வாங்கிக் கண்ணாடி முன் பிடித்தேன். இரண்டு தகடு, நாலு முகம், நாலு சுடர் தெரியும். பூச்சு இருக்கும் முகத்தில் மட்டும் சுடரின் நிறம் மாறும். நாலும் ஒரே மஞ்சள். அடுத்ததிலும் அப்படியே. பதினோரு கண்ணாடி பார்த்தோம். ஜெனிபர் ஒவ்வொன்றின் எண்ணையும் குறித்துக்கொண்டாள். கீழே இறங்கி நேற்று வந்த லோடையும் பார்த்தோம். அதுவும் சாதாரணக் கண்ணாடி.

புதிதாகச் செய்து வர மூன்று மாதமாவது ஆகும். கழற்ற, மாட்ட, அதற்கு மேல். ஜூன் போய்விட்டது.

ஏப்ரல் 5, சனி

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன், மூன்றரை முதல் ஐந்தரை வரை. மணிக்கு நாலு தடவை வெப்பமானி. எதிரே குன்று, அழகாக. அந்த மலை தெரிய வேண்டும் என்றுதான் கவிதா கம்பெனியின் முதலாளி மேற்கே கண்ணாடி கேட்டார். அதற்காகத்தான் இந்தப் பூச்சுக் கண்ணாடியை வரைபடத்தில் எழுதினோம். அதை நம்பித்தான் ஏசி மெஷினையும் சின்னதாக வாங்கினோம். கண்ணாடி மாறினால் மெஷின் திணறும். மின்சாரம் மிச்சம் என்ற பேச்சே பொய்யாகிவிடும்.

இந்த மாடி யாருக்கு என்று இருக்கை வரைபடத்தில் பார்த்தேன். வாடிக்கையாளர் பிரிவு. கவிதாவின் பிரிவு.

போனில் அவள்: "ஏங்க, கயல் ரூமுக்குத் திரைச்சீல பச்சையா, நீலமா?"

"பச்ச."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"தூசி."

ஏப்ரல் 8, செவ்வாய்

புராஜெக்ட் மேனேஜர் ராஜாங்கம் சார் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள். கண்ணாடி சரியாக இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"தம்பி, கண்ணாடிக்காரய்ங்க செஞ்சது தப்புத்தான். நான் இல்லேங்கல. ஆனா தேதி குறிச்சாச்சு. திரையப் போட்டு மூடிட்டா எவனுக்குத் தெரியப் போகுது?"

"திரையப் போட்டா மலை தெரியாதே சார்."

"நக்கலா?" பிறகு குரலைத் தணித்து: "உன் வீட்டம்மாவும் இங்கதான வரப்போறாக? ஜூனுக்குள்ள வரணும்னு நீதானய்யா துடிச்ச?"

நாளை சொல்வதாக வந்துவிட்டேன். பேனா பையில்தான் இருந்தது. எடுத்திருப்பேன். உண்மை. படிக்கட்டு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தேன்.

இரவுச் சாப்பாடு: பரோட்டா, சால்னா. பாதிதான் இறங்கியது. கயலுக்கு வாங்கிய கட்டிலில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைமேல் துவைத்த துணி கிடக்கிறது. மடிக்க வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

நிராகரித்து எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று வரி. தலைமை அலுவலகத்துக்கும் ஒரு நகல். ராஜாங்கம் சார் வாங்கிப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கவிதாவிடம் சொல்லவில்லை. ஞாயிறு வருகிறார்கள். நேரில் சொல்லலாம். (சாக்கு.)

ஏப்ரல் 13, ஞாயிறு

இரண்டு பேரும் வந்தார்கள். கயல் உயரமாகிவிட்டாள். ரயிலடியில் என்னைப் பார்த்து ஓடி வரவில்லை, அம்மா கையைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தாள். பழகுவதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம்.

மாலை சைட்டுக்குக் கூட்டிப்போனேன். கவிதா தன் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். நாலு மணி. அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்பா, மலை!" என்று கயல் கண்ணாடியில் கை வைத்து, வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"இம்புட்டு அனலா இருக்கே. ஏசி போட்டா சரியாயிருமா?" என்றாள் கவிதா.

அப்போது சொன்னேன். கண்ணாடி, கையெழுத்து, எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எப்ப எழுதிக் கொடுத்தீங்க?"

"புதன்கிழம."

"நேத்து வரைக்கும் நான் திரைச்சீலக் கலரு பேசிக்கிட்டு இருந்தேன்."

கயலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க செஞ்சது தப்புன்னு சொல்லல. இதுல எம்புட்டுப் பேரு உக்காரணும், நானே உக்காரணும். ஆனா ஒண்ணு கேக்குறேன். கட்டடத்துக்காக இப்படி நிக்கிறீங்கள்ல, எங்களுக்காக ஒரு தடவ நின்னுருக்கீங்களா? இவ பொறந்த அன்னைக்கு எங்க இருந்தீங்க?"

தூத்துக்குடியில். கான்கிரீட் போட்டுக்கொண்டு. அவளுக்கும் தெரியும்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. காலை வண்டியில் போய்விட்டார்கள். கயல் சன்னல் வழியாகக் கை ஆட்டினாள். கவிதா பையை மேலே வைப்பதிலேயே இருந்தாள்.

வீட்டில் அவள் விட்டுப்போன சீப்பு. நீளமாக ஒரு முடி.

மே 2, வெள்ளி

தலைமை அலுவலகத்தின் கடிதம் வந்தது. கண்ணாடி திருப்பி அனுப்பப்படுகிறது. மேற்குக் கட்டடம் தீபாவளிக்குப் பிறகு. வடக்குக் கட்டடம் மட்டும் ஜூலையில், வேறு பிரிவுகளுக்கு. ராஜாங்கம் சார் கை கொடுத்தார். "பிடிச்ச பிடிய விடல நீ" என்றார். பாராட்டா, குறையா, தெரியவில்லை.

கவிதாவின் செய்தி: "சென்னையிலேயே சேத்துட்டேன். ஜூன் 2 ஸ்கூல்." அவ்வளவுதான்.

பின் தெருப் பள்ளிக்கூடத்தில் போய் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கினேன். ஒட்டியிருந்த போட்டோவைப் பிய்த்து வைத்துக்கொண்டேன்.

மே 19, திங்கள்

கயலுக்கு முதல் பல் விழுந்துவிட்டது. வீடியோவில் ஈ என்று காட்டினாள். சிக்னல் போய்ப் படம் அப்படியே நின்றது, வாய் திறந்தபடி. கொஞ்ச நேரம் போனை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் மோசம். வாங்க: எலுமிச்சை, சோப்பு, ரீசார்ஜ்.

மே 29, வியாழன்

மாதிரிக் கண்ணாடி ஆறு, சோதனைக்கு, ஜூன் 2 அன்று வருகிறது. அது சரி என்றால்தான் மீதியைச் செய்யத் தொடங்குவார்கள். அன்றைக்கு நான் இருக்க வேண்டும். வேறு யார்?

பத்து நிமிடம் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு லீவு எழுதினேன். நாலு நாள்.

ராஜாங்கம் சார்: "என்னய்யா, இதுக்குத்தான அம்புட்டு ஆட்டம் ஆடுன? இப்ப நீயே இல்லைன்னா?"

"ஜெனிபர் இருக்கா சார்."

"அவ பாப்பாளா?"

பக்கத்து மேசையிலிருந்து ஜெனிபர்: "பாப்பேன் சார். சரியில்லைன்னா அவர விட நான் மோசம்."

ஜூன் 2, திங்கள், சென்னை

மேகமூட்டம், புழுக்கம். நேற்றே வந்துவிட்டேன். கதவைத் திறந்த கவிதா, "சைட்ல வேல இல்லையா?" என்றாள். "இருக்கு" என்றேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

காலை ஏழரை. கயலுக்கு ஷூ நாடா நான் கட்டினேன், இரண்டு தடவை அவிழ்ந்தது. வாசலில் ஏகப்பட்ட பிள்ளைகள் அழுகை. இவள் அழவில்லை. உள்ளே போய், வரிசையில் நின்று, ஒரே ஒரு தடவை திரும்பி, இரண்டு பேரும் நிற்கிறோமா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

பையில் போன் அடித்தது. ஜெனிபராக இருக்கும். எடுக்கவில்லை.

பஸ் ஸ்டாப் வரை நடந்தோம். அவளுக்கு ஒன்பதரைக்கு ஆபீஸ்.

"இன்னைக்கே கெளம்பணுமா?"

"வியாழக்கிழமதான்."

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. போனை எடுத்தாள்.

"சார், கவிதா பேசுறேன். இன்னைக்கு நான் லீவு... இல்ல சார், உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. எங்க வீட்டுக்காரரு வந்திருக்காரு."