தெருவுக்கு மூன்று கார் போதும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சு கேட்கிறது. நீயும் மருமகளும் வாண்டும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். உன் அப்பா ஸ்பீக்கரில் போடாமல் உன்னோடு பேச விடமாட்டார், நானும் ரகசியம் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். விஷயம் இதுதான். அப்பா பிறந்தநாளுக்கு நீ ஒரு புதுக் கார் பதிவு செய்திருப்பதாகவும், குறுக்கே யார் வந்தாலும் அதுவே பிரேக் போட்டுக்கொள்ளும், இனி அவர் கண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும் மருமகள் எனக்கு மட்டும் செய்தி அனுப்பியிருந்தாள். உன் மனசு எனக்குத் தெரியும் ராஜா. ஆனால் அந்தக் கார் இந்த வாசலுக்கு வரக் கூடாது. கோபப்படாமல் கடைசி வரைக்கும் படி.

கண் டாக்டர் போன வருஷமே சொல்லிவிட்டார், இது கண்ணாடி மாற்றினாலோ ஆபரேஷன் செய்தாலோ சரியாகிற கோளாறு இல்லை, நரம்பில் போன பார்வை போனதுதான், சொட்டு மருந்து விட்டு இருக்கிற பார்வையைக் காப்பாற்றிக்கொள்ளலாம், வண்டி மட்டும் ஓட்டாதீர்கள் என்று. வெளியே வந்ததும் உன் அப்பா, இந்த டாக்டருக்கு டிரைவிங் சொல்லிக்கொடுத்ததே நான்தான், இன்னிக்கு வரைக்கும் ரிவர்ஸ் ஒழுங்கா வராது, அவன் எனக்குச் சொல்ல வந்துட்டான் என்றார். ஆயுசு முழுக்க டிரைவிங் ஸ்கூல் நடத்திய மனிதரிடம் சாவியைக் கொடு என்று யார் கேட்பது? நீ கேட்டாய், வள்ளென்று விழுந்தார். நான் கேட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கேட் தூணில் காரை உரசிவிட்டு வந்து, தூணை யாரோ நகர்த்தி வச்சிருக்காங்க என்று சாதித்தார். அவர் கடைக்குப் போய்த் திரும்பும் வரை நான் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒரே மடிப்பைத் தைப்பதும் பிரிப்பதுமாக இருப்பேன். அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பதைவிட, அவரால் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான் என்னை அரித்தது.

அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் தெருவில் உள்ளவர்களை ஒரு சாயங்காலம் கூட்டினார். வீட்டுக்கு வீடு ஒரு கார், பாதி நாள் சும்மாதான் நிற்கிறது, இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு குழந்தைகளுக்கு ஓட இடமில்லை, காலையில் எல்லோரும் ஒரே கடைக்கும் ஒரே ஸ்டேஷனுக்கும் தனித்தனியாகப் புகை விட்டுக்கொண்டு போகிறோம், தெருவுக்கு மூன்று கார் போதும், பொதுவில் வைத்து முறை போட்டு எடுப்போம், பக்கத்துக்கெல்லாம் நடப்போம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. சாவி பொதுவில் தொங்கினால் அப்பா கைக்கு வருவது குறையுமே! எழுந்து நின்று எங்கள் கார் முதல் கார் என்று சொல்லிவிட்டேன். அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவர் வாயைத் திறப்பதற்குள், கண்டவர்கள் கையில் வண்டியைக் கொடுக்க முடியாது, யார் ஓட்டலாம் யார் ஓட்டக் கூடாது என்று பார்த்துச் சொல்ல இவரை விட்டால் ஆள் யார் என்று ஒரு போடு போட்டேன். மனிதர் அப்படியே குளிர்ந்துவிட்டார். இப்போது தெருவில் பசுமை அம்மா என்று எனக்குப் பட்டப்பெயர். உன்னிடம் மறைப்பானேன், நான் பூமியைக் காப்பாற்றப் போகவில்லை, உன் அப்பாவைக் காப்பாற்றத்தான் போனேன்.

ஆனால் சொந்தக் காரியத்துக்குப் போனவளை அந்தத் திட்டமே பிடித்துக்கொண்டது. கார்கள் போன இடத்தில் கற்களைப் பெயர்த்து மரக்கன்று வைத்திருக்கிறோம், ஒரு மூலையில் தக்காளியும் கீரையும் போட்டிருக்கிறோம், நத்தைகள் தின்றது போக மிச்சம் நமக்கு. ஒரு வீட்டுக்காரர் மார்க்கெட் போனால் ஏழு வீட்டுக்குக் காய் வருகிறது. பழைய திரைச்சீலைகளை வெட்டி எல்லோருக்கும் பை தைத்துக் கொடுத்தேன், பிளாஸ்டிக் பையோடு வருகிறவரை இப்போது குழந்தைகளே வழிமறிக்கிறார்கள். இத்தனை வருஷம் தலையாட்டிவிட்டுப் போன அண்டை வீட்டாரெல்லாம் இப்போது என் முழங்காலை விசாரிக்கிறார்கள். பக்கத்து வீட்டில் யாரென்றே தெரியாது என்று நீ சொன்னாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் கதவைத் தட்டிப் பேசிப் பார், ஆளுக்கொரு கார் உங்களுக்கும் தேவைப்படாமல் போகலாம்.

இனி அப்பா கதைக்கு வருகிறேன். அவரே விதி எழுதினார். சாவி வேண்டும் என்கிறவர் தெருவில் சாக்பீஸ் கோட்டில் நின்று, தூரத்தில் நிற்கிற வண்டியின் நம்பரைப் படிக்க வேண்டும், பிறகு அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும், யாருக்கும் சலுகை கிடையாது. திட்டத்தைக் கொண்டுவந்த மருந்துக்கடைக்காரரையே ஃபெயிலாக்கினார். டாக்டர் கிறுக்கலைப் படிக்கிறவருக்கு நம்பர் பிளேட் படிக்க வரலியே என்று தெருவே சிரித்தது, பாவம், அவர் புதுக் கண்ணாடி போட்டு வந்து தேறினார். போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் முடிந்தபின், மாடிவீட்டில் இருக்கிற, பஸ் ஓட்டுகிற பெண், உன் அப்பாவிடம் டிரைவிங் படித்தவள்தான், சார் நீங்க மட்டும் பாக்கி என்று மெதுவாகச் சொன்னாள். விதின்னா எல்லாருக்கும்தான் என்று அப்பா கோட்டில் போய் நின்றார். தெருவில் வேறு வண்டிகளும் நின்றன, அவள் எங்கள் காரைக் காட்டினாள். வேண்டுமென்றேதான் காட்டினாள், எல்லோருக்கும் புரிந்தது. அத்தனை வருஷம் ஓட்டிய கார், தூக்கத்தில் கேட்டாலும் நம்பர் சொல்வார். இத்தனை சூழ்ச்சியும் செய்த எனக்கே அந்த நிமிஷம் மனசு கேட்கவில்லை, சொல்லிவிடுங்களேன், தலை குனியாமல் வீட்டுக்கு வந்துவிடலாமே என்று அடித்துக்கொண்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு, நம்பர் எனக்கு மனப்பாடம்மா, ஆனா இங்கேருந்து தெரியல, ஃபெயில்னு எழுதிக்கோ என்றார். சட்டைப் பையில் வைத்திருந்த மாற்றுச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். அந்தப் பெண் அழுதுவிட்டாள். இவர் அவளைப் பார்த்து, பஸ் ஓட்டுறவ அழுதா பயணிகள் என்ன நினைப்பாங்க என்று கேட்டுவிட்டு உள்ளே வந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, நெஞ்சு வலிக்கவும் செய்தது.

இப்போது பக்கத்து சீட்டில்தான் உட்காருகிறார், இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருகிறார், ஓட்டுகிறவர்கள் பாடு திண்டாட்டம். ஆனால் ஓட்டுவதில்லை. டாக்டர் சொல்லி, நீ சொல்லி, நான் சொல்லிக் கேட்காதவர் தானாக எடுத்த முடிவு இது. நீ அனுப்புகிற காரை வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியாது. மகன் கொடுத்தது என்று தெரு முழுக்கக் காட்டுவார், ஒரே ஒரு தடவை என்று ஸ்டியரிங்கைப் பிடிப்பார், அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். பாசத்தால் அதைக் கெடுத்துவிடாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். பதிவை ரத்து செய்துவிட்டு எனக்கு ஒரு வரி செய்தி போடு. அவரிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே, அவராகச் சொல்லும் வரை காத்திரு.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், மனம்போல் வாழ வேண்டும். வாண்டுக்கு என் முத்தங்கள். அப்பாவுக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றிருந்தால் லீவு போட்டுவிட்டு வா. காலையில் அவரோடு கடைக்கு நடந்து போ. ரோட்டைத் தாண்டும்போது கையைப் பிடித்துக்கொள். உதறுவார், விட்டுவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா