என் பக்கத்து பிரேக்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டாக்டர் மூன்றாவது முறையும் டிரைவிங் டெஸ்டில் தோற்றுவிட்டார். அதே பாலத்து மேடுதான். வண்டியை மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். இரண்டு முழம் பின்னால் போனது. தேர்வு அதிகாரி பேனாவை மூடிவிட்டார்.

இவர் பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாயருகே ஊசியைப் பிடித்துக்கொண்டு “பயப்படாதீங்க” என்று சொல்கிறவர். கிளட்சில் கால் வைத்தால் அவருக்கே தொடை நடுங்குகிறது. அக்டோபர் பதின்மூன்றில் ஊரின் மறுகோடி மருத்துவமனையில் புது வேலை. பஸ் போகாத இடம். அடுத்த டெஸ்ட் அக்டோபர் எட்டு.

“இனிமே வேண்டாம் டீச்சர். வேலைக்கு வரலன்னு சொல்லிடறேன்” என்று காருக்குள்ளேயே அழுதார்.

“பயத்தைத் தூக்கிப் போடுங்க டாக்டர்.” பதினோரு வருடமாக என்னிடம் வண்டி கற்றுக்கொள்ள வரும் எல்லோருக்கும் சொல்லும் அதே வசனம்.

“நீங்க பயந்த விஷயம் எதையாவது செஞ்சிருக்கீங்களா?”

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “ஓடறதுன்னா எனக்குப் பயம்” என்று சொல்லித் தொலைத்தேன். பள்ளிக்கூடப் பந்தயத்தில் நான் போய்ச் சேர்ந்தபோது கயிற்றையே சுருட்டிவிட்டார்கள் என்ற கதையையும் சொன்னேன்.

டாக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “அப்ப நீங்க ஒரு பந்தயம் ஓடி முடிங்க. நானும் நாலாவது தடவை போறேன். நீங்க விட்டா நானும் விட்டுடுவேன்.”

சரி என்று தலையாட்டிவிட்டேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று இருந்தவளுக்கு இது வேண்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டாவது மாடிக்குக்கூட நான் படியேறி அவர் பார்த்ததில்லை.

“நீயா? பஸ் கிளம்புதுன்னாலும் அடுத்ததுல வரலாம்னு நிக்கிறவளாச்சே!”

மகள் மட்டும் சிரிக்கவில்லை. உடனே போனில் தேட ஆரம்பித்துவிட்டாள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எந்தப் பந்தயம் என்று காலை முழுக்கப் பட்டிமன்றம். மூன்று கிலோமீட்டர் என்றால் குழந்தைகளோடு பலூன் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். டாக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். பத்து கிலோமீட்டர் நவம்பரில். அதற்குள் டெஸ்ட் முடிந்துவிடும், நானும் முடிந்துவிடுவேன். மிஞ்சியது ஐந்து. அக்டோபர் 5, ஒரு மணி நேரம் கெடு.

“ஒரு மணி நேரமா? நடந்தே போயிடலாமே” என்றார் வீட்டுக்காரர்.

நானும் மனதுக்குள் அதைத்தான் நினைத்தேன். பாதையைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது — நாலாவது கிலோமீட்டரில் அந்தப் பாலம். டாக்டரின் பாலம். ஆழம் தெரியாமல் காலை விட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டு முறை. மகள் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். ஒரு நிமிடம் இவ்வளவு நீளம் என்று இத்தனை வயதில் இன்றுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

தொடை என்று ஒன்று இருப்பது தெரிகிறது.

ஆகஸ்ட் 16, சனி

இந்த ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தேன் என்பதை மறந்துபோனேன். பழைய மாணவர்கள் நாலு பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். நாலு பேரும் ஹாரன் அடித்தார்கள். தேவையில்லாமல் ஹாரன் அடிக்கக் கூடாதென்று படித்துப் படித்துச் சொன்னேனே! ஒருத்தன் கண்ணாடியை இறக்கி, “டீச்சர், ரெண்டாவது கியர் போடுங்க” என்றான். இவனுக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்ததே தப்பு.

ஆகஸ்ட் 28, வியாழன்

நிற்காமல் ஐந்து நிமிடம்! மகள் சொல்லித்தான் இன்னொன்றும் தெரிந்தது: திருப்பம் வரும்போதெல்லாம் கையை நீட்டி சிக்னல் காட்டிவிட்டுத்தான் திரும்புகிறேனாம். திரும்பும் முன் தோளுக்கு மேலாகப் பார்க்கிறேனாம். பார்க்கத்தானே வேண்டும்?

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒன்பது நாளாக ஓடவில்லை. முதல் மூன்று நாள் மழை. மழை நின்ற பிறகு நான் நின்றேன்.

இன்று டாக்டர் கேட்டார். முட்டி வலி என்று கூசாமல் பொய் சொன்னேன். “ஐயோ பாவம், அப்ப விட்டுடுங்க டீச்சர்” என்றார். குரலில் அப்படியொரு நிம்மதி. “நானும் அந்த ஆஸ்பத்திரிக்கு நாளைக்கு போன் பண்ணிடறேன்.”

ச்சே. என்ன ஜென்மம் நான்? அந்த வேலைக்காக டாக்டர் ரெண்டு வருஷம் காத்துக்கிட்டு இருந்தாங்களே! வலிக்காத முட்டிய காட்டி அத கெடுக்கப் பாத்தேனே!

சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு போன் செய்தேன். “முட்டி சரியாயிடுச்சு டாக்டர்” என்றேன். “ஒரு சாயங்காலத்துலயா?” என்றார். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 10, புதன்

ஓடினேன். முட்டி வலிக்கவே இல்லை. கொஞ்சமாவது வலித்து என் மானத்தைக் காப்பாற்றியிருக்கலாம்.

செப்டம்பர் 19, வெள்ளி

பாலத்தில் பாடம். பயிற்சி வண்டியில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஆபத்துக்காக வைத்தது.

டாக்டர் பாதி மேட்டில் திடீரென்று சொன்னார்: “டீச்சர், உங்க கால் எப்பவும் அது மேலயே இருக்கு. நான் கிளப்பறப்ப நீங்கதான் வண்டிய பிடிச்சுக்கறீங்க. டெஸ்ட்ல அந்தக் கால் இல்ல. அதான் உருளுது.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?” என்று கேட்டேன். அவர் மறுபடி கிளட்சில் கால் வைத்தார். காலை எடுத்துப் பார்த்தேன். வண்டி லேசாக அசைந்ததும் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிட்டது.

அப்படியானால் மூன்று முறையும் தோற்றது யார்? டாக்டரா, நானா?

செப்டம்பர் 28, ஞாயிறு

நாலு கிலோமீட்டர். நடந்தது இரண்டே முறை. வீட்டுக்காரர் சைக்கிளில் பின்னாலேயே வந்தார். மூச்சு வாங்கியது அவருக்குத்தான்.

அக்டோபர் 4, சனி

வீட்டுக்காரர் பொட்டலத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தார். புது ஷூ. நீல நிறம். “பழசுல நாளைக்குப் போகாத. எல்லாரும் பாப்பாங்க.” கல்யாணமாகி இருபது வருடத்தில் என் கால் அளவைச் சரியாகச் சொல்லி வாங்கி வந்த முதல் பொருள்.

பந்தயத்தன்று புது ஷூ போடவே கூடாதென்று மகள் கண்ணால் கெஞ்சினாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி வேண்டாம் என்பது?

அக்டோபர் 5, ஞாயிறு

எண் 212. ஏறக்குறைய எல்லோரும் என்னை முந்தினார்கள். முந்துகிறவர்களுக்கு வழிவிட வேண்டும் என்பதால் ஓரமாகவே போனேன். இரண்டு கிலோமீட்டர் வரை ராஜநடை. மூன்றாவதில் புது ஷூ வலது கட்டை விரலைக் கடிக்க ஆரம்பித்தது.

பாலம் தொடங்கும் இடத்தில் ஒரு சிக்னல் உண்டு. சிவப்பு விழுந்தது. நின்றேன்.

பின்னால் வந்த வெள்ளை மீசைக்காரர் என் முதுகில் வந்து மோதினார். “ஏம்மா நின்னுட்டீங்க?”

“சிவப்பு” என்றேன்.

சாலையை எங்களுக்காகவே மூடியிருந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வண்டி கிடையாது. சுற்றி இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்து அவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். என் கால் மட்டும் கிளம்பவில்லை.

விரல் எரிகிறது. தொடை கல்லாகிவிட்டது. எதிரே மேடு. முன்னூறு தடவையாவது டாக்டரிடம் “இதுல ஒண்ணுமே இல்ல” என்று சொன்ன மேடு. ஒண்ணுமே இல்லையா? நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது வானத்துக்குப் போகிறது! விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஓரமாக உட்காரக்கூட இடம் பார்த்துவிட்டேன். நான் உட்கார்ந்தால் டாக்டரும் உட்கார்ந்துவிடுவார்.

வாய்விட்டே சொன்னேன்: “அவசரமில்ல. மெதுவா விடு. பின்னால பாக்காத.” ஒரு அடி வைத்தேன். அடுத்த அடி அதற்குப் பின்னால் வந்தது. தள்ளவும் ஆளில்லை, பிடிக்கவும் ஆளில்லை, ஆனாலும் ஏறினேன்.

ஐம்பத்து நாலு நிமிடம். எனக்குப் பின்னால் ஆறே பேர். முடிவுக் கோட்டில் வீட்டுக்காரர், மகள், அவர்களோடு டாக்டர். “டீச்சர், கயிறச் சுருட்ட விடல, நானே பிடிச்சுக்கிட்டு நின்னேன்” என்றார். அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான். மகளிடம் வெயில் என்றேன்.

அக்டோபர் 6, திங்கள்

கட்டை விரல் நெல்லிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. காற்றுப் பட்டாலே உயிர் போகிறது. ஒரு மாதிரியாகச் செருப்பை மாட்டிக்கொண்டு பாடத்துக்குப் போனேன்.

பாலத்தில் டாக்டர் வண்டியை நிறுத்தினார். பழக்கத்தில் வலது கால் பிரேக்குக்குப் போனது. பட்டதும் ‘ஆ’ என்று அலறிக் காலை இழுத்துக்கொண்டேன். கீழே வேறு வண்டி இல்லை. கைபிரேக் மேல் கையை வைத்துக்கொண்டேன். காலை இருக்கைக்கடியில் மடக்கிக்கொண்டேன். நேற்று அந்த இடத்தில் நின்றவளாயிற்றே, “இது பெரிய மேடுதான் டாக்டர். மெதுவா விடுங்க” என்றேன்.

வண்டி ஒரு விரற்கடை பின்னால் போனது. கண்ணை மூடாமல் இருந்தேன். அப்புறம் முன்னால் போனது. மறுபடி செய்தோம். ஏழு முறை. கைபிரேக்கை ஒருமுறைகூட இழுக்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

டெஸ்டுக்குப் போன டாக்டரிடமிருந்து மதியம் வரை போன் வரவில்லை. சாப்பிட முடியவில்லை. சாயங்காலப் பாடத்தில் ஒரு புதுப் பையனை இடப்பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு வலப்பக்கம் கை காட்டினேன்.

அக்டோபர் 13, திங்கள்

விரல் ஆறிவிட்டது. காலையில் பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். புதுசு வீட்டுக்குள் பயிற்சியில் இருக்கிறது. பந்தயம்தான் முடிந்துவிட்டதே, எதற்கு ஓடுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பாலத்தில் பாதி ஏறியபோது பின்னாலிருந்து ஒரு சின்ன வெள்ளை வண்டி வந்தது. எல் போர்டு இல்லை. பக்கத்து இருக்கையில் டாக்டர் கோட்டு மட்டும் மடித்து வைத்திருந்தது. என்னைத் தாண்டும்போது டாக்டர் ஹாரன் அடித்தார். ஒருமுறை இல்லை, மூன்று முறை. துளியும் தேவையில்லாமல்.

கையைத் தூக்கிக் காட்டினேன், அது சிக்னல் இல்லை.