நான் நின்ற விதம்

நூர்ன்பேர்க், ஜேர்மனி, 02.10.2006

மதிப்புக்குரிய நண்பருக்கு,

1. 11.03.2006: துப்பாக்கி சுடுதல் கழகத்தில் பக்கவாட்டாக நின்று ஒரு கையால் சுட்டுக்கொண்டிருந்த என்னை மாற்றினீர். "மச்சான், நேர நில்லு. ரண்டு கையாலயும் பிடிச்சு, முழங்காலை மடிச்சு முன்னுக்குச் சாய். துவக்கின்ர உதை உடம்புக்குள்ள போயிடும்" என்றீர்.

2. 17.06.2006: சொன்னபடியே நடந்தது. உதைத்த கைத்துப்பாக்கி உடனே குறிக்குத் திரும்பியது. குண்டுகள் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. கழகப் போட்டியில் உம்மை முந்தினேன். சிரித்துக்கொண்டு கைகுலுக்கினீர்.

3. 21.09.2006: இப்படி நிற்பவன் ஊரில் இயக்கத்தில் ஆயுதப் பயிற்சி எடுத்தவனாகத்தான் இருப்பான் என்று கழகத் தலைவரிடம் கூறினீர். அவரே எனக்குச் சொன்னார்.

ஊரில் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்துவிட்டு நேராக இங்கு வந்தவன் நான் என்பது உமக்குத் தெரியும். உமது கூற்று அதிகாரிகளிடம் போனால் என் குடியுரிமை விண்ணப்பம் அத்துடன் முடிந்துவிடும் என்பதும் தெரியும். "அவரோ அப்பிடிச் சொன்னவர்?" என்று என் மனைவி மூன்று தரம் கேட்டுவிட்டாள்.

அப்படி நின்று சுட நீர் எங்கே பழகினீர் என்று இருபது வருடங்களில் ஒருநாளும் நான் கேட்டதில்லை. கேளாதிருப்பது நட்பின் கடமை என்று எண்ணியிருந்தேன்.

இப்போது கழகம் கேட்கிறது. எனக்குக் கற்பித்தவர் யார் என்று இம்மாதம் இருபதாம் திகதி நிர்வாகத்தின் முன் நான் பதில் சொல்ல வேண்டும். நீர் கூறியது பொய் என்று கையெழுத்திட்டு, 16.10.2006 திங்கட்கிழமைக்குள் எனக்கு எழுத்தில் அனுப்பும். கிடைக்காவிட்டால், அவர்களுக்கு உண்மையைச் சொல்லுவேன்.

இப்படிக்கு,
உமது கலியாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக இருந்தவன்