தரையில் வைக்க வேண்டிய கிண்ணம்

அக்டோபர் 3, திங்கள்

காப்பியைக் குடித்துவிட்டேன்.

இதை இன்றைக்கே எழுதி வைக்காவிட்டால், நாளைக்கு நானே அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சாதிப்பேன். நகராட்சி சமரசப் பிரிவின் புதுத் தலைவி ரூலா கொடுத்த நோட்டு இது. "ஒவ்வொரு சண்டையிலும் என்ன கத்துக்கிட்டீங்கன்னு எழுதுங்க அபூ ரக்கான்" என்றாள். தலைநகர் அம்மானில் பெரிய படிப்பு படித்தவள். நான் ஐந்தாம் வகுப்பு. இரண்டு மாதமாக ஒரு பக்கம்கூட எழுதவில்லை. கற்றுக்கொள்ள மிச்சம் ஒன்றுமில்லை என்று நினைப்பு.

விஷயம் இதுதான். நகராட்சித் தண்ணி லாரி ஓட்டும் தியாப், எங்கள் அலுவலக இன்ஸ்பெக்டர் முத்லக்கின் தலைத்துணிமேல் கட்டியிருந்த கயிற்றைத் தட்டிவிட்டான், மானத்தையே தட்டிவிட்டது போல. லாரி முற்றத்தில், பதினோரு பேர் பார்க்க. துணியும் கயிறும் எண்ணெய்க் குட்டையில் கிடந்தன. ஏன் தட்டினான்? "வீடுகளுக்குப் போக வேண்டிய தண்ணீரில் லாரியைக் கழுவினான்" என்று முத்லக் அறிக்கை எழுதினான். வாரத்துக்கு ஒருநாள் குழாயில் தண்ணி வருகிற ஊர் இது. இங்கே ஒருத்தனைத் திருடன் என்று எழுதினால்கூட மன்னிப்பான். "வால்வு ஒழுகுது அண்ணே" என்கிறான் தியாப். ஒழுகத்தான் செய்கிறது, கீழே குனிந்து பார்த்துச் சட்டையை நனைத்துக்கொண்டவன் நான்.

முத்லக் புகார் கொடுத்துவிட்டான். தியாபைத் தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறார்கள். 13ஆம் தேதி, வியாழனுக்குள் புகாரைத் திரும்ப வாங்காவிட்டால் கோப்பு மேலே போகும், வேலை போகும். வீட்டில் ஐந்து வாய்.

ஆகவே இன்று மாலை ஏழு பேராக முத்லக் வீட்டுக்கு ஜாஹா போனோம். சமாதானம் கேட்டுப் போனால் முறை ஒன்றுதானே: முதல் கிண்ணம் காப்பியைப் பேச வந்தவன் கையில் கொடுப்பார்கள். அவன் குடிக்காமல் தரையில் வைக்க வேண்டும். "கேட்டதைக் கொடுத்தால்தான் குடிப்போம்." வீட்டுக்காரர் முறைப்பார், புலம்புவார், கடைசியில் "குடிங்க, வந்த காரியம் முடிஞ்சது" என்பார். இருபத்து மூன்று வருஷமாக நான் சம்பளம் வாங்குவது இதற்குத்தான். சுருக்கமாகச் சொன்னால், காப்பி குடிக்காமல் இருப்பது என் உத்தியோகம்.

இன்று கூட வந்த நகராட்சித் தலைவரின் புதுச் செருப்பு போடும் சத்தத்தைப் பற்றி ஒரு கதை எடுத்துவிட்டேன். அவரே சிரித்தார். எல்லோரும் சிரித்தால் எனக்குத் தொண்டை வறளும். கிண்ணம் கைக்கு வந்தது. குடித்தேன். குடித்ததோடு விட்டேனா? எனக்குப் போதும் என்று கிண்ணத்தை ஆட்டியும் காட்டினேன்.

என்னைப் பார்த்து மற்ற ஆறு பேரும் குடித்தார்கள். வெளியே வந்ததும் தலைவர் என் காதில், "ஏதோ புது உத்தின்னு நெனச்சேன்யா" என்றார்.

உள்ளே நாங்கள் குடித்து முடித்ததும் முத்லக் எழுந்து நின்றான். முகத்தில் ஒன்றுமில்லை. "வந்ததுக்கு சந்தோஷம். உங்களால வீடே வெளிச்சமாச்சு" என்றான். அவ்வளவுதான். குடித்தவன் அதற்குமேல் என்னத்தைக் கேட்பது?

அக்டோபர் 4, செவ்வாய்

வாசல் காவல்காரன் முதல் கணக்குப் பிரிவு வரை எல்லோரும் என்னைப் பார்த்ததும் ஒரே கேள்வி: "ஒரு காப்பி சொல்லவா?"

அக்டோபர் 5, புதன்

ரூலா தன் வழியில் முயன்றாள். இரண்டு பேருக்கும் ஒரு படிவம். உங்கள் கோபம் ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு? முத்லக் பதினொன்று என்று எழுதினான். தியாப் அந்த இடத்தில் "வால்வு ஒழுகுது" என்று எழுதினான்.

பிறகு என்னைக் கூப்பிட்டாள். "நீங்க ஏன் குடிச்சீங்க? உங்க உள்மனசுல இந்த சமாதானத்துக்கு ஏதாவது எதிர்ப்பு இருந்துதா?"

"ஏலக்காய் இருந்துது" என்றேன்.

சிரிப்பாள் என்று பார்த்தேன். குறித்துக்கொண்டாள்.

வெளியே தியாப் நின்றிருந்தான். வழக்கமாக என்னைக் கண்டால் பல்லெல்லாம் தெரியும். இன்று, "அண்ணே, அன்னைக்கு எனக்காகப் போனீங்களா, காப்பிக்காகப் போனீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

அக்டோபர் 6, வியாழன்

என் மனைவி வத்ஹா ரொட்டிக் கடையில் முத்லக் மனைவியைப் பார்த்திருக்கிறாள். வந்ததும் முக்காட்டைக்கூட எடுக்காமல் ஆரம்பித்தாள்.

"உன் வாய் பண்ணின வேலையக் கேளு. அந்த மனுஷன் அன்னைக்கே மன்னிக்கறதா இருந்தாராம். விருந்துக்குன்னு கொல்லையில கிடா வாங்கிக் கட்டி வெச்சிருந்தாராம். என்ன பேசணும்னு மூணு நாளா சவரம் பண்ணும்போது கண்ணாடி பாத்துப் பேசிப் பேசிப் பழகினாராம்."

"அப்ப மன்னிச்சுட வேண்டியதுதானே?"

"கெஞ்சாதவனை எப்படி மன்னிக்கறது? நீதான் கெஞ்சலையே. குடிச்சிட்டு ஏப்பம் விட்டுட்டு வந்தே."

ஏப்பம் விடவில்லை. அது பொய்.

கிடா இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறதாம்.

அக்டோபர் 9, ஞாயிறு

வெள்ளி, சனி விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்ததும் முத்லக் அறைக்கே போனேன். மேஜையில் பேனா, பென்சில், அடிக்கோல் மூன்றும் அளவெடுத்தது போல வரிசையாக. தலையில் புதுக் கயிறு.

"முத்லக், சும்மா மனுஷனா மனுஷனாக் கேக்கறேன். விட்டுடேன்."

"ஆபீஸ்ல கேட்டா ஆபீஸ் பதில்தான். கோப்பு வியாழக்கிழமை போகுது."

"சரி, மறுபடி ஜாஹாவா வீட்டுக்கு வரேன்."

"ஒரு காரியத்துக்கு ரெண்டு ஜாஹா உண்டா? என் வீட்டை என்ன காப்பிக் கடைன்னு நெனச்சியா?" அடிக்கோலை நேராக்கினான். "முதல்ல வந்தது ஜாஹா இல்லேன்னா வேற விஷயம்."

"இல்லேன்னு வெச்சுக்கோ."

"நான் ஏன் வெச்சுக்கணும்? நீ சொல்லு. என் கயிறு விழுந்த இடத்துல, அதே பதினோரு பேர் முன்னாடி நின்னு சொல்லு. 'நான் அன்னைக்கு வெறும் காப்பி குடிக்கத்தான் போனேன்'னு."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அக்டோபர் 10, திங்கள்

மாட்டேன்.

இருபத்து மூணு வருஷம்! வெட்டுக்குத்துவரை போன இரண்டு குடும்பத்தை ஒரே தட்டில் சோறு தின்ன வைத்தவன் நான். அந்தப் பதினோரு பேரும் லாரி துடைக்கிற பயல்கள், நான் வாயைத் திறந்தால் சிரிக்கக் காத்திருப்பவர்கள் — அது நான் சொல்வதைக் கேட்டுச் சிரிப்பது. என்னைப் பார்த்துச் சிரிப்பதா? அதுவும் அவன் போட்ட வசனத்தை ஒப்பித்துக்கொண்டு? காப்பிக்கு அலைகிறவன் என்று நானே தண்டோரா போட்டுக்கணுமா? போடா.

தியாப் வேறு வேலை பார்த்துக்கொள்ளட்டும். லாரி ஓட்டத் தெரிந்தவனுக்கு எங்கேயும் —

எங்கே?

அக்டோபர் 11, செவ்வாய்

வத்ஹாவிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தேன். மூன்று நாளாக யோசித்து வைத்தது போலக் கேட்டாள்: "ஊர்ல எத்தனை பேர்கிட்ட 'மானத்தைக் கொஞ்ச நேரம் மடிச்சு வெச்சிட்டு வாப்பா'ன்னு சொல்லியிருக்கே? உன்னோடது மட்டும் மடியாத துணியா?"

கோபித்துக்கொண்டு வேலைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் போய்விட்டேன். முற்றத்தில் ஒருவரும் இல்லை, தியாப் தவிர. அவனை நிறுத்தி எட்டு நாள் ஆகிறது, லாரி சாவிகூட அவனிடம் இல்லை. வால்வுக்குக் கீழே வாளி வைத்து உட்கார்ந்திருந்தான். வாளி நிறைந்ததும் பக்கத்துப் பள்ளிக்கூடத் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்து மறுபடி வைத்தான்.

"இதைச் செய்ய யாரு சொன்னா?" என்றேன்.

"யாரும் சொல்லல அண்ணே. தண்ணி போயிட்டே இருக்கே."

நான் வந்ததைப் பற்றி அவன் ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை. இரண்டாவது வாளியை நான் தூக்கிக்கொண்டு போனேன். கனமாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 12, புதன்

காலை எட்டு மணி. எண்ணெய்க் குட்டை இருந்த இடம். பதினோரு பேரும் வந்திருந்தார்கள். நேற்று சாயங்காலம் நான் சரி என்று சொல்லி அனுப்பியதும், முத்லக் வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தான். அவன் ஜன்னலில். ரூலா நோட்டோடு படியில்.

நடுவில் ஒரு வேடிக்கையைச் சேர்த்துத் தப்பித்துவிடலாம் என்று ராத்திரியே ஒன்று யோசித்து வைத்திருந்தேன். ஜன்னலைப் பார்த்தேன். சேர்க்கவில்லை.

"போன திங்கக்கிழமை முத்லக் வீட்டுக்கு நான் ஜாஹாவாப் போகல. காப்பி குடிக்கத்தான் போனேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு கிரீஸ் போடுகிற கிழவர் மட்டும், "நல்லா இருந்துதா?" என்றார்.

"இருந்துது" என்றேன்.

ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "நாளைக்கு நாலு மணிக்கு வீட்ல இருப்பேன்."

"கோப்பு நாளைக்கு மத்தியானம் போகுதேப்பா!"

"கோப்பு என் மேஜையிலதானே இருக்கு" என்று ஜன்னலைச் சாத்தினான்.

அக்டோபர் 13, வியாழன்

நான்கு மணி. அதே ஏழு பேர். தலைவர் பழைய செருப்பில் வந்தார்.

முதல் கிண்ணம் என் கைக்கு வந்தது. தரையில் வைத்தேன். கேட்க வேண்டியதைக் கேட்டேன், வேடிக்கை எதுவும் இல்லாமல், நான்கு வாக்கியத்தில். கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டேன்.

முத்லக் தொண்டையைச் செருமினான். தன் பாட்டனாரிடமிருந்து ஆரம்பித்தான். அவர் வெட்டிய கிணறு, அந்தக் கிணற்றுக்கு வந்த சண்டை, அதை அவர் மன்னித்த விதம். கண்ணாடி முன் பழகிய பேச்சு என்பது நன்றாகவே தெரிந்தது. கன்னத்தை உப்ப வைக்கிற இடங்கள்கூட இருந்தன. பத்தாவது நிமிஷத்தில் ஒரு ஈ வந்தது. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி நடந்தது. விரட்டலாம்தான். கையை நீட்டினால் மறுபடி குடிக்கப் போகிறான் என்று ஆறு பேரும் என் மேல் பாய்ந்திருப்பார்கள். இருபதாவது நிமிஷத்தில் ஈ உள்ளே இறங்கியது. முத்லக் அப்போதுதான் தன் அப்பாவிடம் வந்திருந்தான்.

நாற்பது நிமிஷம். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தான். புகாரைத் திரும்பப் பெறும் கடிதம். அடியில் அவன் கையெழுத்து. அதற்கும் அடியில் ஒரு வரி: "லாரியின் வால்வை உடனே மாற்றவும்." தேதி, அக்டோபர் 3 என்று இருந்தது. மடித்து வைத்துக்கொண்டேன்.

கொல்லையில் கிடா ஒருமுறை கத்தியது.

"குடிங்க" என்றான் முத்லக். "வந்த காரியம் முடிஞ்சது."

மற்ற ஆறு பேரும், வாசலில் நின்ற தியாபும், உள்கதவு இடுக்கில் வத்ஹாவும் ரூலாவும் என் வாயையே பார்த்தார்கள். கிண்ணத்தை எடுத்தேன். ஈ நடுவில் இருந்தது.

குடித்தேன். போதும் என்று கிண்ணத்தை ஆட்டினேன்.